சென்னையிலிருந்து வர வேண்டியது

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அறிவழகன், கைக்கு வரும் எந்தப் போனிலும் முதலில் பார்ப்பது டிஸ்ப்ளேயைத்தான். திரை இருண்டுபோன போன்களில் பாதிக்கு மேல் உண்மையில் சாகவில்லை. வேறு போனிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கும். பொத்தானை அழுத்தினால் சத்தம் கேட்கும். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அதை வெளியே காட்டும் வழிதான் அடைபட்டிருக்கும். அப்படிப்பட்ட போனைக் கொண்டுவந்தவரிடம் அவன் சந்தோஷமாகச் சொல்வான்: "டிஸ்ப்ளே போயிடுச்சு, அவ்ளோதான். போர்டு நல்லா இருக்குது." வேறு டிஸ்ப்ளேயை மாட்டியதும் பழைய பெயர்கள், பழைய நம்பர்கள் எல்லாம் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வந்து நிற்கும்.

போர்டே போய்விட்ட போன்களுக்கு இன்னொரு வாக்கியம் வைத்திருந்தான். "ஐசி ஒண்ணு மாத்தணும். சென்னையிலேர்ந்து வரணும். சொல்லியிருக்கேன்." யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான். ஆசையாக வாங்கிய பொருள் செத்துவிட்டது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அவனுக்கு வராது. வந்தவர் இன்னும் இரண்டொரு முறை வந்து கேட்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிடுவார். அதற்குள் மனசு பழகியிருக்கும். தொழில் கற்ற இடத்தில் கற்றுக்கொண்ட வழக்கம் இது.

அவனுடைய அம்மா அம்சவல்லி இதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். 2005ஆம் வருஷத்து உப்புப் பருவம் முடிகிற சமயம். மதியச் சோறு கொண்டுவந்தவள் கடையில் உட்கார்ந்திருந்தபோது மண்ணாங்கட்டி வந்தார். உப்பளத்தில் அவளுடைய புருஷன் சகாதேவனோடு பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் ஆள். துபாயிலிருந்து மருமகன் கொண்டுவந்து கொடுத்த கலர் போனைப் பாத்தித் தண்ணீரில் போட்டுவிட்டு, துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தார்.

"ஏம்பா அறிவு, பொழைக்குமா?"

அறிவழகன் திறந்தான். கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பேறிய தண்ணீர் அது. போர்டில் பச்சை பூத்திருந்தது.

"ஐசி ஒண்ணு மாத்தணும் மாமா. சென்னையிலேர்ந்து வரணும். சொல்றேன்."

"சொல்லு, சொல்லு. அவசரமில்ல. நமக்கு யாரு போன் பண்ணப்போறா, கலெக்டரா?"

அவர் போனதும் அம்சவல்லி கேட்டாள். "எப்படா வரும்?"

"வராதும்மா. போர்டே போச்சு. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

அவள் சிரித்துக்கொண்டே சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த நவம்பரில் மழை விடாமல் பெய்தது. உப்பளம் ஏரியாகக் கிடந்தது. ஒரு சாயங்காலம் சகாதேவன் குடை பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினார். வழியில் மண்ணாங்கட்டியைப் பார்த்து, "பையன் கடை வரைக்கும் போறேன், அவன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற இடத்தில், மகனின் கடைக்கு ரோட்டைக் கடக்கும் முன்பே விழுந்தார். ஆள்கள் கத்தியதைக் கேட்டு அறிவழகன் ஓடிவந்தபோது அவருடைய வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. "தோ" என்ற ஒரே சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. தண்ணீருக்கும் "தோ". கோபத்துக்கும் "தோ, தோ". இரண்டுக்கும் ராகம் வேறு, சத்தம் ஒன்றுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அறிவழகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வாய் மட்டும் பாதிச்சிருந்தா எழுதியாவது, கை காட்டியாவது சொல்லிடுவாங்க. இவருக்கு வார்த்தை இருக்கிற எடத்துலயே அடிபட்டிருக்குது. நாம பேசறது புரியறதும் சரி, அவர் சொல்ல நெனைக்கிறதும் சரி, கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். திரும்பாமயும் போகலாம். பொறுமையா இருங்க."

அறிவழகன் தலையாட்டினான். ஆனால் அவன் காதில் விழுந்தது அவனுக்குத் தெரிந்த பாஷையில்தான். அப்பாவின் கண்ணைப் பார்த்தான். கண் எல்லோரையும் தொடர்ந்தது; தங்கை பொன்னி அழுதபோது அதுவும் கலங்கியது. வீட்டுக்கு வரும் வழியில் வேனில் அம்மாவிடம் சொன்னான்: "டிஸ்ப்ளே மட்டும்தாம்மா போயிருக்குது. உள்ள எல்லாம் நல்லா இருக்கு."

"அப்ப வேற மாட்ட முடியுமாடா?" என்றாள் அம்சவல்லி. அவள் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் யோசனை வந்தது. சகாதேவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எழுத்து உதவாது. படம் வேண்டும். இடது கை நன்றாக இருந்தது. சின்னத் திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும். வேண்டிய படம் வந்ததும் ஒரு பொத்தானை அழுத்தட்டும். படம் அப்படியே நிற்கும், மணி அடிக்கும், யாராவது ஓடிவருவார்கள். தண்ணீர், சோறு என்று ஆரம்பித்து, அன்றைக்கு மழையில் எதைச் சொல்லக் கிளம்பினாரோ அதுவரைக்கும் ஒருநாள் போய்விடலாம். அறிவழகனுக்குத் தூக்கத்திலும் அந்த ஒன்றுதான். அப்பா எதைச் சொல்ல வந்தார்?

வண்ணத் திரை ஒன்று மண்ணாங்கட்டியின் போனில் இருந்தது. அவன் வாய்விட்டுக் கேட்டான்.

"மாமா, அந்தப் போனு..."

"செத்துப்போச்சு. தெரியும்டா. சென்னைன்னு நீ சொன்ன அன்னிக்கே தெரியும். இந்த ஊர்ல உன் சென்னையத் தெரியாதவன் யாரு?"

"டிஸ்ப்ளே மட்டும் பொழைச்சிருக்குது. அப்பாவுக்கு ஒண்ணு செய்யலாம்னு."

 மண்ணாங்கட்டி அவன் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தத் திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம். கண்ணாடியின் விளிம்பில், பார்த்தால் தெரியாதபடி, அதற்கென்றே ஒரு சிப் ஒட்டியிருக்கும். திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன வண்ணம் என்று அந்தச் சிப் ஞாபகம் வைத்திருக்கும். அதனால் நாம் படத்தை ஒருமுறை அனுப்பினால் போதும். கரண்ட் இருக்கும்வரை அது காட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட்டைப் பிடுங்கினால் எல்லாம் மறந்துவிடும். திரும்பக் கொடுக்கும்போது உப்புத்தூளை வண்ண வண்ணமாக இறைத்ததுபோல ஏதோ தெரியும். அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. ஞாபகம் காலியாக இருப்பது அப்படித்தான் தெரியும்.

இந்தத் திரையோடு பேச, சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வாங்கிவந்தான். பூரான்போல இரண்டு பக்கமும் கால்கள் உள்ள சிறிய சிப். கடைக் கம்ப்யூட்டரின் பிரிண்டர் சாக்கெட்டிலிருந்து ஒயர் இழுத்து அதற்குள் புரோகிராமை ஏற்றலாம். டிப்ளமோ படித்த காலத்தில் இதே வகைச் சிப்பை வைத்து டிராஃபிக் விளக்கு செய்திருக்கிறான். ஆனால் சிப் பேசுவது ஐந்து வோல்ட்டில், திரை தாங்குவது மூன்று சொச்சத்தில். நேராகச் சேர்த்தால் திரை போய்விடும். நடுவில் ரெசிஸ்டர்களைப் போட்டுக் குறைத்தான். திரையின் கால்கள் தலைமுடி அகலத்துக்குத்தான் இடைவெளி விட்டிருந்தன. பழைய ஃபேன் மோட்டாரில் சுற்றியிருந்த தாமிரக் கம்பியைப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, ஈயத்தை உருக்கி ஒவ்வொன்றாகப் பற்ற வைத்தான். கடல்காற்றில் எந்தப் பற்றும் பத்து நாளில் பச்சை பிடிக்கும் என்பதால் பொன்னியின் நகப்பாலிஷை எடுத்து மேலே பூசினான்.

"நானே கோட்டக்குப்பம் கல்யாணத்துக்குன்னு வாங்கி வெச்சது," என்றாள் பொன்னி. "மிஷினுக்கு மருதாணியும் வெச்சுடு."

முதலில் திரை எதுவும் காட்டவில்லை. வெளியே ஒரே மாதிரி இருக்கும் இந்தத் திரைகளில் இரண்டு வகைச் சிப் உண்டு. ஒன்றுக்கான கட்டளை மற்றதற்குப் புரியாது. எது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது. பேசிப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த வகையின் கட்டளைகளை எழுதி ஏற்றினான். திரை வெளிச்சமானது. ஆனால் வந்தது படம் இல்லை, வண்ணப் புழுதி.

அந்தப் புழுதிதான் அவனை வாரக்கணக்கில் அலைக்கழித்தது. திரைக்குள் எல்லாமே ஒரே கம்பி வழியாக, ஒன்று அல்லது பூஜ்ஜியம் என்று ஒவ்வொன்றாகத்தான் போகும். ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அதில் முதலாவது ஒரு அடையாளம்: அடுத்து வரும் எட்டும் கட்டளையா, வண்ணமா என்று அது சொல்லும். எங்கோ ஒரு பற்று சரியில்லாமல் ஒரே ஒரு துடிப்பு தவறினால் போதும், வரிசை ஓரிடம் நகர்ந்துவிடும். பிறகு வருவதெல்லாம் வந்துகொண்டுதான் இருக்கும், எதுவும் குறையாது. ஆனால் வண்ணத்தைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும், கட்டளையை வண்ணம் என்று தீட்டும். அனுப்புகிறவன் சரியாகத்தான் அனுப்புவான். வாங்குகிறவனும் ஒழுங்காக வாங்குவான். நடுவில் எது எதற்கு என்பது மட்டும் தொலைந்திருக்கும்.

பற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்தான். தண்ணீர் டம்ளர் படம் வந்தது. பொன்னி எட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணா இது? ரத்தம் குடிக்கச் சொல்றியா?"

டம்ளருக்குள் தண்ணீர் சிவப்பாக இருந்தது. சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி அனுப்பியிருந்தான். மாற்றியதும் நீலமானது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். கட்டிலில் சகாதேவனும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

மைக்ரோகண்ட்ரோலர் சிப்பின் ஞாபகம் சிறியது. பெரிய பெரிய கட்டங்களாக வரைந்த படங்கள், அதுவும் ஆறுதான் கொள்ளும். எந்த ஆறு என்று வீட்டில் பேச்சு வந்தது. தண்ணீர், கஞ்சி, ஃபேன், கக்கூஸ், வலி. ஐந்து வந்துவிட்டது.

"அம்மா படம் ஒண்ணு போடேன்," என்றாள் பொன்னி.

"என் மூஞ்சி எதுக்குடி அதுல? நான் இங்கதான கெடக்கறேன்," என்றாள் அம்சவல்லி.

ஆறாவது படத்தை அறிவழகன் யாரையும் கேட்காமல் போட்டான். அவனுடைய கடை: பச்சை ஷட்டர், மேலே மஞ்சள் போர்டு. அன்றைக்கு அப்பா எங்கே கிளம்பினாரோ அந்த இடம்.

2006 தைப் பொங்கல் கழிந்து, உப்பளத்தில் தண்ணீரை வடித்துப் பாத்தி மிதிக்கத் தொடங்கியிருந்தார்கள். உப்பு விளைய வேண்டுமென்றால் பாத்தியின் தரை சிமெண்ட்போல இறுக வேண்டும்; அதற்கு ஈரச் சேற்றை ஆள்கள் வரிசையாகக் காலால் மிதிப்பார்கள். சகாதேவனின் இடத்தில் அந்த வருஷம் பொன்னி இறங்கினாள். அவள் சேறு அப்பிய காலோடு திரும்பிவந்த ஒரு சாயங்காலம், அறிவழகன் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாசல் வெளிச்சத்தில் திரை கண்ணாடிபோல முகத்தைத்தான் காட்டியது. கட்டிலை உள்ளே நகர்த்தினார்கள். இடது கைக்குக் கீழே காலிங் பெல் சுவிட்சைக் கட்டினார்கள்.

"எது வேணுமோ அது வந்ததும் அமுக்குங்கப்பா."

அவர் திரையைப் பார்த்தார். படங்கள் மாறின. நீல டம்ளர் வந்தபோது விரல் அழுந்தியது. மணி அடித்தது. அம்சவல்லி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்தார். முழுசாகக் குடித்தார். அம்சவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

மறுநாள் காலையில் பச்சை ஷட்டர் வந்தபோது மணி அடித்தது. அறிவழகன் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"கடையாப்பா? கடைக்குத்தான வந்தீங்க அன்னிக்கு? என்னா சொல்ல வந்தீங்க? பொன்னி கல்யாண விஷயமா? வீட்டு விஷயமா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"தோ," என்றார் சகாதேவன். அவசரமாக, கண்ணை அகல விரித்து. "தோ, தோ."

"சொல்லுங்கப்பா. இருக்கட்டும், மெதுவா."

அவர் மறுபடி அழுத்தினார். இந்த முறை நின்றது ஃபேன். ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிறுத்தினான். அவர் தலையை ஆட்டினார். மறுபடி போட்டான். அவர் கையை ஓங்கிக் கட்டிலில் அடித்தார். அப்புறம் அம்சவல்லி குழைந்த கஞ்சியைக் கொண்டுவந்ததும் ஆவலாக வாயைத் திறந்தார்.

அடுத்தடுத்த நாள்களில் வலி என்று மணி அடித்தது. தடவிக் கொடுக்கப் போனால் கையைத் தள்ளினார். கக்கூஸ் என்று அடித்தது. தூக்கி உட்கார வைத்தால் எரிச்சலோடு அழுதார். நனைந்த வேட்டியோடு இருந்தபோது கடைப் படத்தில் அடித்தது.

அறிவழகன் பழுது பார்க்கிறவன். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் அவனுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மாவும் பொன்னியும் வெளியே போயிருந்த நேரம், ஒரு டம்ளர் தண்ணீரை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இது எதுப்பா? இது வந்ததும் அமுக்குங்க."

சகாதேவன் டம்ளரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நீல டம்ளர் வந்தது, போய்விட்டது. கஞ்சி வந்து போனது. வலி வந்தபோது, சந்தேகமே இல்லாமல், அழுத்தினார். மணி அடித்தது. அவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் குழப்பம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லி முடித்தவனின் பார்வை. இனி நீ புரிந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல.

தட்டைக் காட்டினான். வேறு ஏதோ ஒன்று. விசிறியைக் காட்டினான். இன்னொன்று. மறுபடி டம்ளரைக் காட்டினான். பச்சை ஷட்டர். ஒவ்வொரு முறையும் அதே நம்பிக்கையான பார்வை. முதல் நாள் டம்ளரில் விரல் அழுந்தியது தற்செயல்தான் என்று அவனுக்குப் புரிந்தது. டாக்டரம்மா சொன்னது இப்போதுதான் அவன் காதுக்கு முழுசாக வந்து சேர்ந்தது.

அவன் தண்ணீரை அப்பாவுக்குக் குடிக்கக் கொடுத்தான். வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் அம்சவல்லி சொன்னாள். "இது தப்பு தப்பா காட்டுதுடா. மனுஷன் ஒண்ணு கேட்டா மிஷின் ஒண்ணு அடிக்குது. பாவம், கோவம் வருது அவருக்கு. எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொண்டா."

அவன் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் கடையில் வைத்து எல்லாவற்றையும் பார்த்தான். எந்தப் பற்றும் விடவில்லை. ஆறு படங்களும் வரிசையாக வந்தன. தண்ணீர் நீலம், ஷட்டர் பச்சை. சுவிட்சை எந்தப் படத்தில் அழுத்தினாலும் அதே படம்தான் நின்றது, மணி அடித்தது. அவன் இதுவரை செய்ததிலேயே பிழையில்லாமல் ஓடிய பொருள் அதுதான். ஒயரைப் பிடுங்கினான். திரை இருண்டது. மேசை டிராயருக்குள் வைத்து மூடினான்.

வீட்டுக்குப் போனபோது அம்சவல்லி புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"சரியாயிடுச்சாடா?"

சொல்ல வேண்டியது என்ன என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"ஐசி ஒண்ணு மாத்தணும்மா. சென்னையிலேர்ந்து வரணும். சொல்லியிருக்கேன்."

ஸ்பூன் சகாதேவனின் வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நின்றது. அவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். "தோ," என்றார். அம்சவல்லி ஊட்டினாள். மோவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். அடுத்த வாய்க்குக் கலக்கினாள்.

"சரி," என்றாள்.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அவர் "தோ" என்றால் தண்ணீரைக் காட்டுவாள். தள்ளினால் விசிறியை எடுப்பாள். அதையும் தள்ளினால் புரட்டிப் படுக்க வைப்பாள். எதைத் தள்ளாமல் விட்டாரோ அதுதான் கேட்டது என்று வைத்துக்கொள்வாள்.

மாசிக் கடைசியில் மண்ணாங்கட்டி பார்க்க வந்தார். முதல் உப்பு வாரிவிட்ட செய்தியோடு ஒரு கை உப்பும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"எங்க, என் போனு? மிஷின் பண்ணியிருக்கான், டிவி மாதிரி ஓடுதுன்னாங்களே."

சுவரோரம் நின்ற அறிவழகன் வாயெடுப்பதற்குள் அம்சவல்லி சொன்னாள்.

"ஐசி ஒண்ணு மாத்தணுமாம்ண்ணே. சென்னையிலேர்ந்து வரணுமாம்."

மண்ணாங்கட்டி அறிவழகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவர் காகிதத்தைப் பிரித்து, சகாதேவனின் இடது உள்ளங்கையில் உப்பைக் கொட்டி, விரல்களை மூடிவிட்டார்.

"வரட்டும், வரட்டும்," என்றார். "என்னா அவசரம் இப்ப."